கையில ஜேஆர்எஃப், கூடவே ஹைதராபாத் வேலை: எம்.எஸ்சி.யோட நிறுத்திக்கலாமா, பிஎச்.டி. சேரலாமா?

அருப்புக்கோட்டைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வந்து படிச்சுட்டு சத்தமில்லாம போயிடுவேன். எழுதுறது இதான் முதல் தடவை. நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

மதுரையில ஒரு அரசு உதவி பெறும் கல்லூரியில எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி இந்த மே மாசம் முடிச்சேன். டிசம்பர் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுல ஜேஆர்எஃப் (பிஎச்.டி. பண்ண மத்திய அரசு கொடுக்கிற உதவித்தொகை) வந்துடுச்சு. எங்க டிபார்ட்மெண்ட்ல ஆறு வருஷத்துக்கு அப்புறம் வந்த ஜேஆர்எஃப்னு மேடம் எல்லாருக்கும் கேசரி கொடுத்தாங்க. வீட்ல அப்பாகிட்ட விளக்கத்தான் ஒரு மணி நேரம் ஆச்சு.

"வேலை கிடைச்சிருச்சா?"
"வேலை இல்லப்பா, ஆராய்ச்சி பண்ண மாசாமாசம் பணம் கொடுப்பாங்க."
"படிக்கிறதுக்கு எவன்மா பணம் கொடுப்பான்? நாமதான கட்டணும்?"

இப்ப கையில ரெண்டு இருக்கு. ஒண்ணு, ஹைதராபாத்ல ஒரு சிஆர்ஓ, அதாவது மருந்துக் கம்பெனிகளுக்காக ஆராய்ச்சி வேலையைச் செஞ்சு கொடுக்கிற கம்பெனி. சீனியர் அண்ணன் மூலமா இன்டர்வியூ போனேன். வருஷத்துக்கு 2.9 லட்சம், பிடித்தம் போக கைக்கு 20,000 சொச்சம். அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள சேரணும். இன்னொண்ணு, சென்னையில ஒரு ஆய்வகத்துல பிஎச்.டி. ஆர்கானிக் சிந்தசிஸ். இன்டர்வியூ முடிஞ்சு, இடம் இருக்கு, ஆகஸ்ட்ல வந்துடுன்னு சார் சொல்லிட்டார். ஃபெலோஷிப் 37,000.

வேலைக்குப் போனா 20,000, படிக்கப் போனா 37,000. இதுல எங்கடி குழப்பம்னு என் ரூம்மேட் கேக்குறா.

குழப்பம் பணத்துல இல்ல. அதாவது, இப்ப உள்ள பணத்துல இல்ல. எனக்கு 23 வயசு. அஞ்சு வருஷம், இழுத்தா ஆறு வருஷம்னு வெச்சாலும் முடிக்கும்போது 29. அப்ப ஃபெலோஷிப்பும் நின்னுடும். அப்புறம் என்ன? எங்க கல்லூரியிலயே பிஎச்.டி. முடிச்ச சார் ஒருத்தர் சுயநிதிப் பிரிவுல 22,000 ரூபாய்க்குப் பாடம் எடுக்குறார். அவரைப் பார்த்த நாளெல்லாம் இந்த எண்ணம் வருது. அப்பா விசைத்தறியில கூலிக்கு ஓட்டுறார். நகைக்கடன் 1.4 லட்சம் இருக்கு, தங்கச்சி பிளஸ் டூ. அத்தை வேற, "டாக்டர் பட்டம் வாங்கின பொண்ணுக்கு எந்தக் கடையில போய் மாப்பிள்ளை வாங்குறது"ன்னு இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க.

உண்மையான குழப்பம் இன்னொண்ணு. எனக்கு ஆராய்ச்சி வருமான்னே தெரியல. எம்.எஸ்சி. புராஜெக்ட்ல நான் செஞ்சது நம்ம ஊர்ல எல்லாரும் செய்யறதுதான்: ஒரு ஷிஃப் பேஸ் (ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து வர்ற சேர்மம்), அதோட காப்பர் காம்ப்ளெக்ஸ், அப்புறம் ஈகோலை பாக்டீரியாவுல ஒரு சோதனை. சிரிக்காதீங்க. ஆனா ஒரு நாள் சாயங்காலம் ஆல்டிஹைடையும் அமீனையும் எத்தனால்ல ரிஃப்ளக்ஸ் பண்ணி, பீக்கரை மூடி வெச்சுட்டு ஹாஸ்டல் போயிட்டேன். மறுநாள் காலையில வந்து பார்த்தா அடியில இருந்து மேல வரைக்கும் மஞ்சள் மஞ்சளா ஊசி. வெயில்ல பிடிச்சுப் பார்த்துட்டே நின்னேன், முதல் பீரியடுக்குப் போகல. இது ஒண்ணை வெச்சு அஞ்சு வருஷத்தை எழுதிக் கொடுக்கலாமா?

தெரிஞ்சவங்க சொல்லுங்க. "உன் மனசு சொல்றதைக் கேளு" மட்டும் வேண்டாம். மனசு ரெண்டும் சொல்லுது.

---

ஹெச்பிஎல்சி ராஜா:

சகோதரி, வாழ்த்துகள். முதல்ல ஒண்ணு. கையில 20,000 வர்ற வேலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுட்டு முடிவு பண்ணுங்க. நான் எம்.எஸ்சி. முடிச்சு ஹைதராபாத் வந்து 11 வருஷம் ஆச்சு. க்யூசில (தரச் சோதனை) ஆரம்பிச்சு இப்ப அனலிட்டிக்கல் ஆர் அண்ட் டி.

முதல் மூணு வருஷம் ஏ, பி, சி ஷிஃப்ட். ராத்திரி ஷிஃப்ட்ல ஹெச்பிஎல்சில (மருந்துல எது எவ்வளவு இருக்குன்னு பிரிச்சுக் காட்டுற கருவி) ஒரு சீக்வென்ஸ் போட்டா 14 மணி நேரம் ஓடும். அது ஓடும், நீங்க லாக் புக் எழுதுவீங்க. காலையில 5 மணிக்கு சிஸ்டம் சூட்டபிலிட்டி ஃபெயில்னு, அதாவது கருவியே சரியா ஓடலைன்னு வரும். திரும்ப மொபைல் ஃபேஸ் (கருவில ஓடுற கரைப்பான்) போடணும். இதை டிராமாவா சொல்லல, வேலையே அதான். வெளிநாட்டு ஆடிட் வர்ற மாசம் ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. ஆனா ஒரு சாம்பிள் ஏன் அப்படி வந்துச்சுன்னு தோண்டுற ஒழுங்கு எனக்கு அங்கதான் வந்துச்சு. எந்தக் காலேஜும் கத்துக் கொடுக்காதது.

இப்ப எனக்கு வருஷம் 9.6 லட்சம். சொந்த ஊர்ல வீடு கட்டிட்டேன், தங்கச்சி கல்யாணம் முடிச்சேன். அது ஒரு பக்கம். போன வருஷம் பக்கத்து டீம்ல ஒரு பிஎச்.டி. பையன் சேர்ந்தான், ஆரம்பமே 9 லட்சம். எனக்கு 11 வருஷம் ஆனது அவனுக்கு முதல் நாள். எனக்கு மேல இருக்கிற பதவிக்கு விளம்பரம் வந்தா முதல் வரியே "பிஎச்.டி."ன்னு இருக்கு. அந்தக் கதவு எம்.எஸ்சி.க்குத் திறக்காதுன்னு இல்ல. பலமா தள்ளணும், அவ்வளவுதான்.

ஆனா அவனுக்கு 31 வயசு, நான் அந்த வயசுல வீட்டுக்கடன்ல பாதி கட்டியிருந்தேன். அதையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

என் யோசனை: ஒரு வருஷம் வேலைக்கு வாங்க. பிடிக்கலைன்னா பிஎச்.டி. போங்க. ஜேஆர்எஃப் கடிதத்துல எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு போட்டிருப்பாங்க, அதுக்குள்ள சேர்ந்தா போதும்.

---

பாதியில் இறங்கியவன்:

நான் மூணாம் வருஷத்துல பிஎச்.டி.யை விட்டவன். அதனால என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி பண்ணிக் கேளுங்க.

எனக்கு கெமிஸ்ட்ரி பிடிக்காம போகல. கைடு ஓய்வு பெறப் போறார்ங்கிறது சேரும்போது எனக்குத் தெரியாது. கேட்கணும்னும் தோணல, கூச்சம். ரெண்டு வருஷத்துல அவர் போயிட்டார். வேற ஒருத்தர்கிட்ட மாத்திவிட்டாங்க, அவருக்கு என் தலைப்புல ஆர்வமில்லை. புதுத் தலைப்பு, முதல்ல இருந்து. எட்டு மாசம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு நாள் லேப் கதவு வரைக்கும் போய் உள்ள போகாம திரும்பிட்டேன். அடுத்த நாளும் அப்படியே. அப்பதான் புரிஞ்சுது.

இப்ப போட்டித் தேர்வு எழுதி அரசு வேலையில இருக்கேன். வருத்தமில்லைன்னு சொன்னா பொய். ஆனா காலையில எழுந்திருக்கும்போது வயித்துல அந்தக் கல் இல்ல.

எம்.எஸ்சி.யா பிஎச்.டி.யாங்கிற கேள்வியே பாதிதான் தங்கச்சி. எந்த பிஎச்.டி., யார்கிட்டங்கிறது மீதி. உங்க கைடு பேரை இங்க போடாதீங்க. ஆனா அவருக்கு என்ன வயசு, கீழ எத்தனை பேர் இருக்காங்கன்னு நீங்க தெரிஞ்சு வெச்சிருக்கீங்களா?

---

அருப்புக்கோட்டைக்காரி:

அண்ணா, வயசு கேக்கலை. இன்டர்வியூல அவங்க கேள்வி கேட்டாங்க, நான் பதில் சொன்னேன், வெளிய வந்தேன். நாம திரும்பக் கேள்வி கேக்கலாம்னே தெரியாது.

---

பென்சீன் வாத்தியார்:

தாராளமாகக் கேட்கலாம் அம்மா. நான் கல்லூரியில் 24 ஆண்டுகளாகப் பாடம் எடுப்பவன், சில விதிகளை மட்டும் சொல்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி, பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருக்கும் ஆசிரியர் புதிதாக ஆய்வு மாணவர்களைச் சேர்க்கக் கூடாது. மேலே எழுதிய தம்பிக்கு நேர்ந்தது அதற்கு முந்தைய காலமாக இருக்கும். ஒரு நேரத்தில் பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்று உச்சவரம்பும் உண்டு. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேல் இரண்டு ஆண்டு சலுகையும், மகப்பேறுக்கும் குழந்தைப் பராமரிப்புக்குமாக 240 நாள் விடுப்பும் இருக்கின்றன. அத்தையிடம் இந்தக் கடைசி வரியைச் சொல்லுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஜேஆர்எஃப் வாங்கியவர் உதவிப் பேராசிரியர் பணிக்கும் தகுதி பெற்றவர்தான். 2023 ஜூலை முதல் அந்தப் பணிக்கு நேரடி நியமனத்தில் நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே கற்பித்தல்தான் குறி என்றால், இன்றைக்கே உங்கள் கையில் தகுதி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு கொடுத்தது. ஆனால் அறிவிப்பு வருகிற வேகத்தை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. அரசு வேலை என்றால் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700. சுயநிதிக் கல்லூரி என்றால் நீங்கள் பார்த்த அந்த 22,000. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் நம் ஊர் பிஎச்.டி.க்காரர்கள் பாதிப் பேர் அலைகிறார்கள். உங்கள் கல்லூரி ஆசிரியரைப் பார்த்து நீங்கள் பயப்படுவதில் தவறில்லை. ஆனால் அவர் 22,000 வாங்குவதற்கு பிஎச்.டி. காரணமில்லை.

பட்டம்தான் ஆளை உருவாக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். லித்தியம் அயனி மின்கலத்துக்காக 2019இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான அகிரா யோஷினோ, 1972இல் முதுகலையோடு ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். மின்கலத்தை 1985இல் வடிவமைத்தார். டாக்டர் பட்டம் வாங்கியது 2005இல்தான், 57 வயதில்.

---

ரோட்டாவேப் அக்கா:

வாத்தியார் சார் மேல மரியாதை உண்டு, ஆனா யோஷினோவை எம்.எஸ்சி. பொண்ணுங்ககிட்ட காட்டாதீங்க சார். அவர் சேர்ந்த கம்பெனி அவரை ஆராய்ச்சி பண்ணத்தான் எடுத்துச்சு. இவ போகப் போற சிஆர்ஓல வேற ஆள் எழுதிக் கொடுத்த ரூட்டை இவ செஞ்சு கொடுக்கணும். ரெண்டும் ஒண்ணில்ல.

தங்கச்சி, நான் உனக்கு அக்கா வயசு, நீன்னே எழுதுறேன். 2012 ஆகஸ்ட்ல பிஎச்.டி. சேர்ந்தேன், 2018 பிப்ரவரில வைவா. அஞ்சரை வருஷம். இப்ப பெங்களூர்ல ஒரு சிஆர்ஓல எனக்குக் கீழ ஒன்பது பேர், அதுல ஆறு பேர் எம்.எஸ்சி.

உன் கேள்வியில ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன். மஞ்சள் ஊசி. பீரியடுக்குப் போகல பாரு, அது. ஆனா அந்த மாதிரி காலை வருஷத்துக்கு நாலு வரும். மிச்ச 360 நாளைப் பத்தித்தான் நான் சொல்லணும்.

நான் செஞ்சது 14 ஸ்டெப் இருக்கிற ஒரு நேச்சுரல் பிராடக்ட். கிராம் கணக்குல ஆரம்பிப்போம், ஒவ்வொரு ஸ்டெப்லயும் தேஞ்சு தேஞ்சு மில்லிகிராமுக்கு வந்துடும். 2015 மே, ஒன்பதாவது ஸ்டெப். கையில 40 மில்லிகிராம், அதுக்குப் பின்னால ரெண்டு மாசம். ராத்திரி 11 மணி. காலம் (கலவையைப் பிரிச்செடுக்கிற கண்ணாடிக் குழாய்) போட்டு, 80 டெஸ்ட் ட்யூப்ல இருந்து நல்ல ஃப்ராக்ஷனா பொறுக்கி ஒரு சின்னக் குடுவையில சேர்த்து ரோட்டாவேப்ல (கரைப்பானை வேக்குவத்துல ஆவியாக்கி எடுக்கிற கருவி) மாட்டினேன். தூக்கக் கலக்கம். நடுவுல பம்ப் ட்ராப் (பொங்கி வர்றதைப் பிடிச்சு நிறுத்துற கண்ணாடிக் குமிழ்) போடல. வேக்குவத்தை ஒரே திருகா திருகிட்டேன். குடுவை ஒரு தடவை விக்கல் எடுத்த மாதிரி சத்தம் போட்டுச்சு, அவ்வளவுதான். எல்லாம் பொங்கி மேல கண்டென்சருக்குப் போய், அங்கிருந்து கீழ சேகரிக்கிற குடுவைக்கு இறங்கிடுச்சு. அதுல லேப்ல இருக்கிற ஏழு பேரோட வேஸ்ட் சால்வென்ட்டும் இருந்துச்சு.

கண்டென்சரை டிசிஎம்ங்கிற கரைப்பானை விட்டுக் கழுவி, கீழே இருந்த கசடு எல்லாத்தையும் வத்த வெச்சு, மறுபடி காலம் போட்டு, விடியும்போது 11 மில்லிகிராம் திரும்பக் கிடைச்சுது. அழுதேனான்னு கேக்காத.

நான் சொல்ல வந்தது அது இல்ல. அன்னிக்குக் காலையில பல் தேய்க்கும்போது எனக்கு வந்த முதல் எண்ணம், "எப்படியும் முதல்ல இருந்து செய்யணும், இந்தத் தடவை ஏழாவது ஸ்டெப்ல வேற பேஸ் போட்டுப் பார்க்கலாம்." பக்கத்து பெஞ்ச் பையனுக்கு அடுத்த வருஷம் இதே மாதிரி ஆச்சு. அவனுக்கு வந்த முதல் எண்ணம், "இந்த வாழ்க்கை எனக்கு எதுக்கு." என்னைவிட நல்ல மார்க், கை சுத்தம், எழுத்து சுத்தம். ஆறு மாசத்துல பேங்க் பரீட்சை எழுதிப் போயிட்டான், சந்தோஷமா இருக்கான். அவன் தோத்துட்டான்னு நான் நினைக்கல. எண்ணம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு நமக்கே முன்கூட்டித் தெரியாது, அதுதான் சங்கடம். உன் ஷிஃப் பேஸ் மூணு மாசத்துல ஏதாவது ஒண்ணு சொதப்பியிருக்கும். அன்னிக்கு ராத்திரி நீ என்ன யோசிச்ச? அதை ஞாபகப்படுத்திப் பாரு. எனக்குச் சொல்ல வேண்டாம்.

பணம். நான் சேர்ந்தப்ப 16,000. 2014 அக்டோபர்ல இருந்து 25,000 ஆச்சு. இப்ப உனக்கு 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு மூணு பேர் கமிட்டி உக்காந்து பார்த்து எஸ்ஆர்எஃப் (சீனியர் ஃபெலோ) ஆக்குவாங்க, அப்ப 42,000. ஹாஸ்டல் எடுக்கலைன்னா சென்னைக்கு 30 சதவீதம் வாடகைப்படி, அதாவது ஆரம்பத்துல 37,000ஓட 11,100 சேர்த்து 48,100. கேக்க நல்லா இருக்கும். ஆனா சம்பளம் மாதிரி ஒண்ணாம் தேதி வராது. எனக்கு முதல் பணம் வர அஞ்சு மாசம் ஆச்சு. அந்த அஞ்சு மாசமும் ஒரு சீனியர் அக்காகிட்ட கடன் வாங்கித்தான் மெஸ் கட்டினேன். அப்பாகிட்ட "மாசம் 15,000 அனுப்புறேன்"னு இப்பவே வாக்கு கொடுத்துடாத. நிலுவை மொத்தமா வரும், அன்னிக்கே நகையை மீட்டுடு. தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கும் அதுலயே ஒரு பங்கு எடுத்து வை.

அப்புறம், ஃபெலோஷிப் வேலையில்ல. உங்க ரூம்மேட் போடுற கணக்குல அதுதான் ஓட்டை. பிஎஃப் இல்ல, அஞ்சு வருஷத்துல நிக்கும். தீசிஸ் எழுதுற அந்தக் கடைசி ஆறேழு மாசம் பெரும்பாலும் காசே இல்லாம ஓடும். எனக்கு ஓடுச்சு. அதுக்கு எஸ்ஆர்எஃப் காலத்துலயே ஒதுக்கி வை.

இப்ப எம்.எஸ்சி.க்கும் பிஎச்.டி.க்கும் பெஞ்ச்ல என்ன வித்தியாசம்னு சொல்றேன், ஏன்னா இதை யாரும் சொல்ல மாட்டாங்க. எங்களை மாதிரி இடத்துல கிளையன்ட் ஆள் கணக்குல பணம் கொடுக்குறான், எஃப்டிஇன்னு சொல்வோம். மாசத்துக்கு இத்தனை காம்பவுண்ட் போகணும். என் டீம்ல இருக்கிற எம்.எஸ்சி. பசங்க கை என்னைவிட வேகம். ஒருத்தன் ஒரே நேரத்துல அஞ்சு ரியாக்‌ஷன் ஓட்டுவான், நான் பார்த்து வியப்பேன். ஆனா ரியாக்‌ஷன் போகலைன்னா, "அக்கா, போகல"ன்னு வந்து நிப்பான். ஏன் போகல, அடுத்து என்னன்னு நான் சொல்லணும். அதுக்குத்தான் எனக்கு ரெண்டு மடங்கு சம்பளம். நான் அவனைவிட புத்திசாலி இல்ல. அஞ்சரை வருஷம் போகாத ரியாக்‌ஷனோட தனியா உக்காந்திருந்தேன், அவனுக்கு அந்த வாய்ப்பை யாரும் கொடுக்கல. எட்டு மணிக்கு மேல அவன் மூளையை நிறுத்திட்டு வீட்டுக்குப் போறான். எனக்குப் போன ஞாயித்துக்கிழமை சாம்பார் தாளிக்கும்போது ஒரு பிராமினேஷன் ரியாக்‌ஷன் ஞாபகம் வந்து கடுகு கருகிடுச்சு. உனக்கு எது வேணும்னு பார்த்துக்கோ. ரெண்டுமே மரியாதையான வாழ்க்கை.

ராஜா அண்ணன் சொன்ன "ஒரு வருஷம் வேலை பார்த்துட்டு"ல எனக்கு உடன்பாடு இல்ல. அப்படிப் போய்த் திரும்பி வந்தவங்களை நான் ரெண்டே பேர்தான் பார்த்திருக்கேன். 20,000 வாங்க ஆரம்பிச்சா அதுக்கு ஒரு இஎம்ஐ தானா வந்து ஒட்டிக்கும்.

கடைசியா, இப்பவே செய்ய வேண்டியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த லேபுக்குப் போ. சாருக்குச் சொல்லிட்டுப் போ, ஆனா சார் இல்லாத நேரமாப் பார்த்துப் போ. நாலாம் வருஷமோ அஞ்சாம் வருஷமோ படிக்கிற ஒரு ஆளைப் பிடி. கடைசியா முடிச்ச மூணு பேர் எத்தனை வருஷம் எடுத்தாங்க, இப்ப எங்க இருக்காங்க, நடுவுல யாராவது விட்டுட்டுப் போனாங்களான்னு கேளு. பதிலைவிட அவங்க பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறாங்களான்னு கவனி.

---

ஹெச்பிஎல்சி ராஜா:

அக்கா சொன்ன இஎம்ஐ விஷயம் உண்மை. நானே போறேன் போறேன்னு சொல்லிட்டுப் போகாதவன்தான். மேலே எழுதினதுல அந்த ஒரு வருஷக் கணக்கை எடுத்துடறேன். ஆனா ஒண்ணு, சிஆர்ஓல எல்லாரும் "போகல அக்கா"ன்னு நிக்கிறவங்க இல்ல. என் டீம்ல ஒரு எம்.எஸ்சி. பொண்ணு ஒரு இம்ப்யூரிட்டி எங்கிருந்து வருதுன்னு மூணு வாரம் துரத்தி, டிரம் மூடியில இருக்கிற ரப்பர் கேஸ்கெட்ல இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சா. எந்த பிஎச்.டி.க்கும் தோணல.

---

ரோட்டாவேப் அக்கா:

அந்தப் பொண்ணை எங்க ஊருக்கு அனுப்புங்கண்ணா, நான் எடுத்துக்கறேன்.

---

அருப்புக்கோட்டைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. போன சனிக்கிழமை சென்னை போய்ட்டு வந்தேன்.

சாருக்கு 49 வயசு. கீழ அஞ்சு பேர். கடைசி மூணு பேர் அஞ்சு, அஞ்சரை, ஆறு வருஷம். ஒருத்தர் கொரியால போஸ்ட்டாக், ஒருத்தர் ஹைதராபாத்ல, ஒருத்தர் ஒரு வருஷமா வேலை தேடிட்டு இருக்கார். நடுவுல விட்டவர் ஒருத்தர் உண்டு. இதைக் கேட்டப்ப அக்கா சொன்ன மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் நாலாம் வருஷ அக்கா ஒருத்தங்க, "அவருக்கும் சாருக்கும் ஒத்துக்கல, தப்பு ரெண்டு பக்கமும்தான்"னு நேராவே சொன்னாங்க. மழுப்பல.

அந்த அக்கா காலம் ஓட்டிட்டு இருந்தாங்க. டெஸ்ட் ட்யூப் எடுத்து வெக்க ஆள் இல்லாம திணறினாங்க, நான் கூட நின்னேன். டிஎல்சி தட்டுல (எந்த ட்யூப்ல சேர்மம் வந்திருக்குன்னு காட்டுற சின்னத் தட்டு) புள்ளி வெச்சு வெச்சு யூவி விளக்குல பார்த்துட்டே இருந்தோம். 38ஆவது ட்யூப் வரைக்கும் ஒண்ணுமே இல்ல. 39ல லேசா ஒரு புள்ளி. மணி பார்த்தா 9:10. எட்டரை மணி ரயிலுக்கு டிக்கெட் போட்டிருந்தேன்.

ஹைதராபாத்துக்கு வரலைன்னு மெயில் அனுப்பிட்டேன். அப்பாகிட்ட மாசாமாசம் பணம் வரும், ஆனா முதல் அஞ்சாறு மாசம் வராதுன்னு சொல்லியாச்சு. "நான் அப்பவே சொன்னேன்ல, படிக்கிறதுக்கு எவன் கொடுப்பான்"னு சிரிச்சார்.

ஒரு சந்தேகம் மட்டும். ஹாஸ்டல்ல இடம் கொடுத்துட்டா அந்த 11,100 வாடகைப்படி கிடையாதா? ஃபார்ம்ல ஹாஸ்டல் வேணுமான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள டிக் பண்ணனும்.

---

ரோட்டாவேப் அக்கா:

கிடையாது. ஆனா ஹாஸ்டலுக்கே டிக் பண்ணு. வெளிய வீடு எடுத்தா அட்வான்ஸ் கேப்பான், அதுக்கு உன் கையில பணம் இருக்காது. நிலுவை வந்ததும் மாறிக்கலாம். பம்ப் ட்ராப் ஒண்ணு சொந்தமா வாங்கி உன் பேர் எழுதி வெச்சுக்கோ, பொது ட்ராப் எப்பவும் வேற யார்கிட்டயாவதுதான் இருக்கும்.